அடுத்தவர் தொட்டியில் நொதிக்கும் பீர் யாருடையது?

ஆறு ஆண்டுகளாக வீட்டில் 20 லிட்டர் பாத்திரத்தில் பீர் தயாரித்துவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நாடு எதுவும் வெளியே தெரியக் கூடாது என்பது அவருடைய வேண்டுகோள். அவரும் அவருடைய தோழியும் சேர்ந்து மூன்று வகைப் பீரைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்புகிறார்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலான ஓர் ஏல், ஒரு லாகர், காட்டு ஈஸ்டில் நொதிக்கவைத்த புளிப்புப் பீர் ஒன்று. சொந்தமாக ஆலை கட்ட முதல் இல்லை. அவர்களுக்குப் பழக்கமான சிறிய பீர் ஆலை ஒன்றின் உரிமையாளர், "மாதத்தில் இரண்டு வாரம் என்னுடைய 1000 லிட்டர் தொட்டி ஒன்று சும்மாதான் கிடக்கிறது, வந்து காய்ச்சிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸும் இவர்கள் வாங்கித் தர வேண்டும். தண்ணீர், ஈஸ்ட், ஆட்கள், மின்சாரம் அவருடையவை. லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம், அதில் பாதி முன்பணம். எழுத்தில் எதுவும் இல்லை. "அவர் எனக்கு அண்ணன் மாதிரி. ஒப்பந்தம் கேட்டால் மனம் நோகும்" என்கிறார் வாசகி. செய்முறைகளை அடுத்த வாரம் அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறார் அந்த அண்ணன். இதற்கிடையே ஒரு விழாவுக்கு 600 லிட்டர் தருவதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

வாசகி கேட்பவை நான்கு. ஒப்பந்தம் அவசியமா? செய்முறையை அவர் எடுத்துக்கொண்டால் தடுக்க முடியுமா? ஆலைக்கு உரிமம் இருக்கும்போது எங்களுக்குத் தனி உரிமம் எதற்கு? பீர் கெட்டுப்போனால் பொறுப்பு அவருடையதுதானே? "எங்களிடம் இயந்திரம் எதுவும் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்றுதான் நினைக்கிறோம்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது உங்கள் கடைசி வரியில்தான் நின்றேன். இயந்திரம் இல்லாதவருக்கு ஆபத்து இல்லை என்பது, வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குத் தீ விபத்தில் நஷ்டமே வராது என்று சொல்வதைப் போன்றது. சுவர் உங்களுடையது இல்லைதான். உள்ளே இருக்கும் சாமான் அத்தனையும் உங்களுடையது. அதோடு, தீ உங்கள் அடுப்பிலிருந்து கிளம்பினால் சுவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்ய நினைப்பது புதியதோ தவறானதோ அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பீர் நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டபோது அதனிடம் பெரிய ஆலை இல்லை. பிட்ஸ்பர்க்கில் இருந்த வேறொரு ஆலையில்தான் அதன் சாமுவேல் ஆடம்ஸ் பீர் தயாரானது. டென்மார்க்கில் 2006இல் உருவான மிக்கெல்லர் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான மிக்கெல் போர்க் பியர்க்சோ பள்ளி ஆசிரியராக இருந்தவர். உங்களைப் போல வீட்டில் காய்ச்சிப் பழகியவர். பெல்ஜியத்தின் லோக்ரிஸ்டி ஊரில் உள்ள டெ ப்ரூஃப் ஆலையில் தன் பீர்களைத் தயாரித்தே உலகறிந்த பெயரானார். அவரிடம் படித்த மாணவர்கள் இருவர் 2010இல் தொடங்கிய டூ ஓல் நிறுவனமும் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. நியூசிலாந்தின் யீஸ்டி பாய்ஸ் 2008 முதல் இன்வர்கார்கில் நகரத்து ஆலை ஒன்றில் காய்ச்சியது. கையில் முதல் இல்லாத திறமைசாலிக்கு இந்த வழி திறந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். தயாரிப்பு முழுவதும் பெரிய முதலாளிகளின் கையில் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பீர்களில் பலவற்றை யாரும் சுவைத்திருக்கவே முடியாது.

இப்படித் தொழில் செய்பவர்களை ஆங்கிலத்தில் ஐரோப்பாவில் வாழும் ரோமா இன மக்களைக் குறிக்கும் 'ஜிப்ஸி' என்ற சொல்லால் நெடுங்காலம் அழைத்துவந்தார்கள். ஓர் இனத்தின் துயர வரலாற்றை விளம்பரப் பெயராக்குவது சரியல்ல என்று உணர்ந்து பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நீங்களும் அதை லேபிளில் போட வேண்டாம். பிரிட்டனில் இவர்களைக் குயில் என்கிறார்கள். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை அறிந்த நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும். ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். குயில் தன் காரியத்தைக் காக்கைக்குத் தெரியாமல் முடிக்கிறது. உங்கள் காரியத்தில் ஒவ்வொன்றும் காக்கைக்குத் தெரிந்தே, அதன் கையெழுத்தோடு நடக்க வேண்டும்.

ஒரு வழக்கறிஞராக உங்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இந்த மணி நேரத்தில் அந்தப் பீர் யாருடையது? மால்ட் மூட்டை ஆலைக்குள் இறங்குவதிலிருந்து கடைசிப் பாட்டில் வண்டியில் ஏறுவது வரை எந்தக் கட்டத்திலும் இதற்குப் பதில் இருக்க வேண்டும். இப்போது உங்களிடம் எந்தக் கட்டத்துக்கும் பதில் இல்லை.

மால்ட் உங்களுடையது, பீர் யாருடையது?

"மால்ட்டும் ஹாப்ஸும் எங்கள் காசில் வாங்கியவை, ஆகவே பீரும் எங்களுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். இயல்பான எண்ணம்தான். ஆனால் சட்டம் இதில் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தடுமாறியிருக்கிறது. ஒருவருடைய திராட்சையை எடுத்து இன்னொருவர் மதுவாக்கினால் அந்த மது யாருக்கு என்று ரோமானியச் சட்ட அறிஞர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதிட்டார்கள். பொருளுக்கு உரியவருக்கே என்றது ஓர் அணி. உருவாக்கியவருக்கே என்றது மற்றது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு நடுவழி ஒன்றைக் கண்டது. செய்த பொருளைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமானால் அது மூலப்பொருளின் சொந்தக்காரருக்கு, முடியாதென்றால் செய்தவருக்கு. வெள்ளிக் கிண்ணத்தை உருக்கி மீண்டும் வெள்ளியாக்கலாம். பீரை மீண்டும் பார்லியாக்க முடியாது.

இது பழங்கதையாகப் போய்விடவில்லை. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 950ஆம் பிரிவு, மூலப்பொருளிலிருந்து புதிய பொருளை உருவாக்குபவருக்கே அதன் உடைமை சேரும் என்கிறது. செய்த வேலையின் மதிப்பு மூலப்பொருளின் மதிப்பைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு. உங்கள் விஷயத்தில் ஈஸ்ட் அவருடையது, தண்ணீர் அவருடையது, கலக்கிக் காய்ச்சப்போகிறவர்கள் அவருடைய ஆட்கள். எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில் இந்த வாதத்தில் நீங்கள் தோற்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நல்ல உறவு நீடிக்கும்வரை இந்தக் கேள்வியை யாரும் எழுப்ப மாட்டார்கள். எழுப்புகிறவர் பெரும்பாலும் மூன்றாம் ஆளாக இருப்பார். என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவரும் நம்பிக்கையின் பேரில் ஒரு நண்பரின் ஆலையில் காய்ச்சினார். நண்பர் நேர்மையானவர்; அவர்மீது இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆலைக்குக் கடன் இருந்தது, தவணை தவறியது, ஒரு காலையில் கதவில் சீல் விழுந்தது. உள்ளே இரண்டு தொட்டி நிறைய என் கட்சிக்காரரின் பீர். குளிரறையில் அவர் வாங்கிய ஹாப்ஸ். ஓரத்தில் அவருடைய எஃகுப் பீப்பாய்கள். பொறுப்பேற்க வந்த அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது உங்களுடையது என்பதற்கு ஒரு தாள் காட்டுங்கள்." காட்டத் தாள் இல்லை. நண்பர் வாய்மொழியாகச் சொன்னதை அந்த இடத்தில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பீப்பாய்கள் மட்டும் பல மாதம் கழித்து வந்தன. பீர் வடிகாலுக்குப் போனது.

ஆகவே ஒப்பந்தம் கேட்டால் அண்ணன் மனம் நோகுமே என்று தயங்காதீர்கள். இந்தத் தாள் அவர்மீது நீங்கள் கொள்ளும் சந்தேகத்தைக் காட்டுவதல்ல. அவருக்குக் கடன் கொடுத்தவர்களிடமிருந்தும், நாளை ஆலையை விலைக்கு வாங்கக்கூடியவரிடமிருந்தும் உங்கள் இருவரையும் காப்பது. இதை இப்படியே அவரிடம் சொல்லலாம். மூலப்பொருள், நொதிக்கும் கரைசல், முடிந்த பீர் ஆகிய மூன்றும் எல்லாக் கட்டத்திலும் உங்கள் உடைமை என்று எழுதுங்கள். தொட்டியின் மேல் உங்கள் பெயரும் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் காய்ச்சும் பீர் ஒரு தொகுதி) எழுதிய அட்டை தொங்கட்டும். கட்டண பாக்கிக்காக அவர் பீரைப் பிடித்துவைத்துக்கொள்ளலாமா, எத்தனை நாள் வரை என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு வாரம் பிடித்துவைத்தால் லாகர் தாங்கும். ஹாப்ஸ் மணத்தை நம்பி விற்கும் ஏலுக்கு ஒவ்வொரு நாளும் இழப்பு.

முன்பணத்தைப் பாதியாக ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். காய்ச்சும் நாளில் ஒரு பங்கு, நொதித்தல் முடிந்து நீங்கள் சுவைத்து ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, நிரப்பி வண்டியில் ஏற்றும்போது மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

'சும்மா கிடக்கும்' இரண்டு வாரம்

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்த பகுதி இது. சட்டத்துக்குப் போவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். ஏல் வகை 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் விறுவிறுப்பாக நொதிக்கும். திட்டமிட்டு வேலை செய்தால் இரண்டு வாரத்தில் முடிக்கலாம். லாகர் அப்படியல்ல. 8 முதல் 13 டிகிரியில் மெதுவாக நொதித்து, பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் முதிர வேண்டும். அவர் தரும் இரண்டு வாரத்தில் உங்கள் லாகர் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கும். பதினைந்தாம் நாள் அவர் தொட்டியைக் கேட்டால் எங்கே ஊற்றுவீர்கள்?

இன்னொன்று. தொட்டி 'சும்மா' கிடப்பது ஆண்டு முழுவதும் அல்ல. பீர் நன்றாக விற்கும் மாதங்களில் அவருக்கே தொட்டி போதாது. உங்களுக்கும் அதே மாதங்களில்தான் பீர் வேண்டும். விழாவும் அப்போதுதான் வரும். தொட்டி தேவைப்படும்போது யாருக்கு முன்னுரிமை, எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஒதுக்கிய நாளை அவர் மாற்றினால் என்ன ஈடு, நீங்கள் வராமல் போனால் அவருக்கு என்ன ஈடு என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக எழுதுங்கள். காலியாக நிற்கும் தொட்டியால் அவருக்கும் நஷ்டம்தான்.

அந்த 600 லிட்டர் வாக்கைப் பற்றி ஒரு சொல். முடிந்தால் அதை இப்போதே மரியாதையாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். முதல் தொகுதியை யாருக்கும் முன்கூட்டி விற்காதீர்கள் என்று பிடிவாதமாகச் சொல்வேன். காரணம், 20 லிட்டரில் வந்த பீர் 1000 லிட்டரில் அப்படியே வருவதில்லை. எல்லாவற்றையும் 50 ஆல் பெருக்கினால் கசப்பு கூடிவிடும். பெரிய கொதிகலனில் ஹாப்ஸின் கசப்பு அதிகமாக இறங்குகிறது, கொதி நின்ற பிறகும் கரைசல் நெடுநேரம் சூடாக இருப்பதால் மணத்துக்காகக் கடைசியில் போட்ட ஹாப்ஸும் கசக்கத் தொடங்கும். ஆவியாகும் விகிதம் வேறு. ஆலையின் தண்ணீரில் சல்பேட், குளோரைடு அளவு உங்கள் வீட்டுத் தண்ணீரில் இருப்பதாக இருக்காது. ஹாப்ஸ் பீரின் நாக்குச் சுவையை அது மாற்றிவிடும். உயரமான தொட்டியின் அழுத்தத்தில் ஈஸ்ட் தரும் பழமணம் குறையும்.

ஈஸ்டையும் கணக்குப் பார்த்துத்தான் இட வேண்டும். ஏலுக்குப் பொதுவான கணக்கு, கரைசலின் அடர்த்தியில் ஒரு பிளேட்டோ பாகைக்கு (கரைசலில் உள்ள சர்க்கரையின் அளவைக் காட்டும் அலகு) மில்லிலிட்டருக்கு 7.5 லட்சம் உயிரணுக்கள். 12 பாகைக் கரைசல் என்றால் மில்லிலிட்டருக்கு 90 லட்சம். 1000 லிட்டருக்கு 9 லட்சம் கோடி. லாகருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவு உயிருள்ள ஈஸ்ட் அன்றைக்குத் தயாராக இருக்குமா, எத்தனையாவது தலைமுறை ஈஸ்ட் (அதாவது எத்தனை முறை எடுத்துப் பயன்படுத்தியது), எண்ணிப் பார்ப்பது யார் என்று அண்ணனிடம் கேளுங்கள். நல்ல ஆலைக்காரர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். உங்கள்மேல் மதிப்புதான் கூடும்.

பீர் கெட்டால் யார் பொறுப்பு?

"அவருடைய பொறுப்புதானே" என்று கேட்கிறீர்கள். கெட்டது என்றால் என்ன என்பதை யாரும் எழுதிவைக்காதவரை அது எவருடைய பொறுப்பும் இல்லை. நீங்கள் எதிர்பார்த்த மணம் வரவில்லை என்பது ஒன்று. அவருடைய குழாயிலிருந்த கிருமியால் புளித்துவிட்டது என்பது முற்றிலும் வேறு. முதலாவது செய்முறையின் குறையாகவும் இருக்கலாம்; அது உங்கள் கணக்கு. இரண்டாவது அவர் கணக்கு. பிரித்துக் காட்டுவதற்கு எண்கள் வேண்டும். தொடக்க அடர்த்தி, முடிவு அடர்த்தி, அமிலத்தன்மை, கரியமில வாயுவின் அளவு, நிரப்பும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்கத்தக்க எல்லையை எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சில பாட்டில்களை இருவரும் கையெழுத்திட்டு ஒட்டி, ஆளுக்குப் பாதி குளிரில் வையுங்கள். தகராறு வந்தால் இருவருக்கும் பொதுவான ஓர் ஆய்வகத்தின் முடிவுக்குக் கட்டுப்படுவது என்று ஒரு வரி சேருங்கள். நீதிமன்றத்துக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல். வழக்கு முடிவதற்குள் பீரே பழையதாகிவிடும்.

கீழே ஊற்றுவதென்று முடிவு செய்யும் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வெளியே போகும் பீர் அது. உங்களைக் கேட்காமல் அவர் ஊற்றவும் கூடாது, வேறு பெயரில் விற்கவும் கூடாது. ஹாப்ஸ் தீர்ந்துவிட்டது என்று வேறு வகையைப் போடுவதற்கும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

இனி இதன் மறுபக்கம். உங்கள் மூன்றாவது பீர்தான் எனக்குப் பயம் தருகிறது. பிரெட்டனோமைசஸ் என்னும் காட்டு ஈஸ்டைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரைகளையும் அது மாதக்கணக்கில் மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். ரப்பர் வளையத்திலோ குழாயின் கீறலிலோ கொஞ்சம் தங்கிவிட்டால் போதும். அடுத்து அதே குழாயில் போகும் அண்ணனின் பீருக்குள் நுழைந்துவிடும். மூடிய பாட்டிலில் அது வேலையைத் தொடர்ந்தால் வாயு பெருகும், அழுத்தம் ஏறும், பாட்டில் வெடிக்கவும் கூடும். யாராவது காயப்பட்டால்? சந்தையில் இருக்கும் அவருடைய சரக்கு அத்தனையையும் திரும்பப் பெற வேண்டிவந்தால்? அந்தச் செலவை அவர் உங்களிடம் கேட்பார். கேட்பதற்கு நியாயமும் இருக்கும். அவருடைய ஆலையில் இருப்பது சுத்தமான ஈஸ்ட் என்னும் ஒரே சொத்து. அதை நீங்கள் கெடுத்துவிட முடியும்.

இந்தப் பீரை அவருடைய ஆலையில் காய்ச்ச வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இத்தகைய பீருக்கென்றே தனித் தொட்டியும் குழாயும் வைத்திருக்கும் ஆலை கிடைக்கும்வரை காத்திருங்கள். லாகருக்கும் நாள் போதாது. எனவே ஏலில் மட்டும் தொடங்குங்கள். மூன்றில் ஒன்றுதானா என்று மனம் சோரலாம். ஒரு பீரை அடுத்தடுத்து நான்கு தொகுதியில் ஒரே மாதிரி கொண்டுவந்து காட்டுங்கள். பிறகு நல்ல ஆலைகள் உங்களைத் தேடிவரும்.

உங்கள் பெயரில் பொருள் பொறுப்புக் காப்பீடு ஒன்றும் தேவை. ஆலையின் காப்பீடு உங்கள் சரக்கையும் சேர்த்துக் காக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பீட்டு ஆவணத்தை வாங்கிப் படியுங்கள்.

உரிமமும் வரியும்

அவருக்கு உரிமம் இருந்தால் உங்களுக்கு வேண்டாம் என்பது பாதி உண்மை. எந்த ஏற்பாட்டில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அவருடைய ஆட்கள் உங்கள் செய்முறைப்படி காய்ச்சித் தந்தால் அது ஒப்பந்தத் தயாரிப்பு. சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளர் அவர். தயாரிப்பு உரிமமும் கலால் கணக்கும் பெரும்பாலும் அவர் தலையில். ஆனால் வாங்கி விற்பவர் நீங்கள். விற்பனைக்கான உரிமம் உங்களுக்கு வேண்டியிருக்கும். முறைவைத்து ஆலையை நீங்களே எடுத்து நடத்தினால் அது வேறு ஏற்பாடு. அமெரிக்காவில் ஒரே ஆலையை இரண்டு தயாரிப்பாளர்கள் மாறிமாறிப் பயன்படுத்துவதற்கென்றே தனி முறை உண்டு. அங்கே இருவரும் கூட்டரசு அமைப்பிடம் தனித்தனியாகத் தகுதி பெற வேண்டும். இருவரின் பதிவேடும் சரக்கும் கலக்கக் கூடாது. நீங்கள் விவரித்திருப்பது இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அப்படி நிற்பதுதான் ஆபத்து. ஒரு பக்கம் வந்துவிடுங்கள். உங்கள் நிலையில் ஒப்பந்தத் தயாரிப்பு எளிது.

வரிச் சலுகையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அதில் விழுந்திருக்கிறார்கள். சிறிய ஆலைகளுக்குப் பல நாடுகள் கலால் வரியைக் குறைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு நெறிமுறை, ஆண்டுக்கு 2 லட்சம் ஹெக்டோலிட்டருக்கு (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்) மிகாமல் தயாரிக்கும் ஆலைகளுக்கு இதை அனுமதிக்கிறது. அந்த ஆலை வேறெந்த ஆலையையும் சாராமல், இடத்தாலும் பிரிந்து, பிறரின் உரிமத்தின்கீழ் இயங்காமல் இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. அடுத்தவர் கூரைக்கடியில் காய்ச்சுகிறவர் இந்தச் சலுகை தமக்கும் உண்டு என்று எண்ணி விலை வைத்தால் அடி விழலாம். உங்கள் நாட்டில் இதற்கு ஈடான விதி என்ன என்பதை, விலையை நிர்ணயிப்பதற்கு முன் அங்குள்ள கலால் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியையும் சுட்டிக்காட்ட வேண்டும். வீட்டில் காய்ச்சிய பீருக்கு நண்பர்களிடம் 'செலவுக்காக' பணம் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். வீட்டுத் தயாரிப்பை அனுமதிக்கும் சட்டங்கள் பொதுவாக அதைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரியின்றி விடுகிறது, விற்கக் கூடாது. செலவுக்காக வாங்கினாலும் அது விற்பனைதான். இன்றோடு நிறுத்திவிடுங்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பழைய பழக்கம் எதிரே வந்து நிற்கக் கூடாது.

செய்முறையும் பெயரும்

மால்ட் இத்தனை கிலோ, ஹாப்ஸ் இத்தனை கிராம் என்ற பட்டியலைப் பதிப்புரிமை பொதுவாகக் காப்பதில்லை. காப்பது இரகசியத்துக்கான சட்டம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39ஆம் பிரிவு அதற்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: தகவல் பொதுவில் அறியப்படாததாக இருக்க வேண்டும், இரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நீங்கள் தக்க முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நீங்கள் தவறப்போகிறீர்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல் மின்னஞ்சலில் செய்முறையை அனுப்பிவிட்டுப் பிறகு அது இரகசியம் என்று சொன்னால் எடுபடாது. இரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒரு பக்கத் தாள்தான். அதில் கையெழுத்தானதும் அனுப்புங்கள். மூன்று செய்முறையையும் அனுப்பத் தேவையில்லை. காய்ச்சப்போவதை மட்டும் அனுப்புங்கள். காய்ச்சும்போது இருவரும் சேர்ந்து செய்யும் திருத்தங்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 1000 லிட்டருக்கு ஏற்றபடி திருத்திய செய்முறைதான் நாளை வேறு ஆலைக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள்.

ஆனால் மனம் திறந்து சொல்கிறேன், செய்முறையைவிடப் பெயர்தான் பெரிய சொத்து. திறமையான ஒருவர் உங்கள் பீரைச் சுவைத்தே ஏறக்குறைய அதைப் போல ஒன்றைக் காய்ச்சிவிடுவார். உங்கள் பெயரில் விற்க அவரால் முடியாது. வணிகச் சின்னப் பதிவுக்கான சர்வதேச வகைப்பாட்டில் பீர் 32ஆம் வகுப்பில் வருகிறது. மற்ற மதுபானங்கள் 33இல். 32இல் விண்ணப்பியுங்கள், அதுவும் உங்கள் பெயரில். ஆலை உங்களுக்காக லேபிள் அனுமதி வாங்கும்போது பெயரையும் தன் பெயரிலேயே பதிவுசெய்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, கவனக்குறைவால் நடப்பது. மீட்பதற்கு ஆகும் பாடு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

லேபிளில் பீர் எங்கே தயாரானது என்பதை மறைக்காதீர்கள். மிக்கெல்லரின் லேபிள்களில் டெ ப்ரூஃப் ஆலையின் பெயர் வெளிப்படையாகவே இருந்தது. அதனால் யாரும் அதைக் குறைத்து மதிக்கவில்லை. இல்லாத ஆலையைப் படமாக வரைந்து போடுகிறவர்கள்தான் பிறகு தலைகுனிகிறார்கள்.

தோழியைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் இருவருக்கும் இடையிலும் தாள் இல்லை என்று தெரிகிறது. யார் எவ்வளவு போடுகிறீர்கள், ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு இருவருமாக ஆலைக்குப் போங்கள். ஆலையோடு செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போவது தனி மனிதர்களாக நீங்களா, உங்கள் நிறுவனமா என்பதும் அப்போது தெளிவாகிவிடும். பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக இருப்பது நல்லது. நஷ்டம் வந்தால் பொதுவாக வீட்டுச் சேமிப்புவரை நீளாது.

இனி அண்ணனிடம் எப்படிப் பேசுவது? முப்பது பக்க ஒப்பந்தத்தோடு போய் நிற்காதீர்கள். நீங்களே ஒரு கடிதம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதன் முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள அண்ணா, உங்கள் ஆலையில் எங்கள் ஏலைக் காய்ச்ச இடம் தருவதற்கு நன்றி. நாங்கள் தரும் மால்ட்டும் ஹாப்ஸும், அவற்றிலிருந்து உருவாகும் கரைசலும் பீரும் எப்போதும் எங்கள் உடைமை என்பதையும், காய்ச்சும் பணிக்கான கட்டணத்தை மூன்று தவணையில் தருவோம் என்பதையும் இருவரும் ஒப்புக்கொள்கிறோம். செய்முறையை நீங்கள் இரகசியமாக வைத்துக்கொள்வீர்கள். எங்களால் உங்கள் ஆலைக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் காப்பீட்டிலிருந்து ஈடு செய்வோம். காட்டு ஈஸ்ட் எதையும் உங்கள் கதவுக்குள் கொண்டுவர மாட்டோம்."

கடைசி இரண்டு வரிகளை அவர் படிக்கும்போது முகத்தைக் கவனியுங்கள். அவர் கேட்கத் தயங்கிய பாதுகாப்பை நீங்களாகவே கொடுக்கிறீர்கள். அதற்குப் பிறகு நாள் ஒதுக்கீடு, தர எல்லைகள், பொது ஆய்வகம் பற்றிய பட்டியலை மேசையில் வையுங்கள். அவர் ஒப்புக்கொண்டவற்றை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து முறையான ஒப்பந்தமாக்குங்கள். உள்ளூர் மதுவிலக்கு, கலால் விதிகளை அவர் சரிபார்க்கட்டும். கையெழுத்தான அன்று ஒரே ஒரு செய்முறையையும், காய்ச்சும் நாளில் முதல் தவணையையும் கொடுங்கள்.